யுவான் சுவாங்குக்கு 35 நிமிஷம்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுக்கலை. தீசிஸ் ஆணி. "உயிரோட இருக்கியா?"ன்னு மெயில் போட்டு விசாரிச்ச ரெண்டு புண்ணியவான்களுக்கும் நன்றி. இருக்கேன். தீசிஸும் ஒருவழியா கரையேறிடுச்சு. நடுவுல ஒரு டூர் போயிட்டு வந்தேன். அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், டீ போட்டு எடுத்துக்கிட்டு வந்து உக்காருங்க.

மார்ச் கடைசியில நானும் அம்மாவும் சீனாவுல இருக்கிற சியான் நகரத்துக்குப் போனோம். சியான்னதும் விக்ரம் ஞாபகம் வந்தா அது உங்க தப்பில்லை. எனக்கும் அதான் வந்துச்சு :-) பழைய பேர் சாங்கான். தாங் பேரரசோட தலைநகரம். இன்னிக்கு ஒரு கோடிக்கு மேல ஜனம் இருக்கிற ஊர்.

"சீனாவுக்குப் போகணும்னா எல்லாரும் பெய்ஜிங், ஷாங்காய்னு போவாங்க, நீ ஏன் அங்க போனே?"ன்னு கேப்பீங்க. காரணம் எங்கம்மா. அம்மா செய்யாறு பக்கம் ஒரு ஸ்கூல்ல 28 வருஷம் வரலாறு டீச்சர். அந்த 28 வருஷமும் தவறாம "யுவான் சுவாங் காஞ்சிபுரத்துக்கு வந்தார்"ங்கற வரியை நடத்தியிருக்காங்க. எங்க ஊர்லேர்ந்து காஞ்சிபுரம் பஸ்ல ஒரு மணி நேரம்தான். "நம்ம ஊருக்கு அவ்ளோ தூரத்துல இருந்து நடந்தே வந்திருக்காருடா, நீங்க ஸ்கூலுக்கு வர லேட்டாகுது"ன்னு பசங்களைத் திட்டறதுக்கும் அவர்தான் உதவி. அப்பா போய் மூணு வருஷமாச்சு. அம்மா ரிட்டயர் ஆகி ஒரு வருஷம். சிங்கப்பூருக்கு வரச் சொன்னேன், வந்தாங்க. ரெண்டு வாரம் என் ரூம்மேட்டுக்கும் எனக்கும் சமைச்சுப் போட்டுட்டு, ஒருநாள் சாயங்காலம் மேப்பைப் பாத்துக்கிட்டே, "இங்கேர்ந்து சியான் எவ்ளோ தூரம்?"ன்னு கேட்டாங்க.

ஸ்காலர்ஷிப்ல மிச்சம் பிடிச்ச காசு கொஞ்சம் இருந்துச்சு. எனக்குச் சீனம் தெரியாது. அம்மாவுக்கு முட்டி வலி. ஆக, குரூப் டூர்தான் சரின்னு முடிவு பண்ணேன். 5 நாள், 4 ராத்திரி. விலையைப் பாத்தா விமான டிக்கெட் காசுக்கே ஹோட்டலும் சாப்பாடும் சேத்து வருது. அப்பவே யோசிச்சிருக்கணும். இவ்ளோ மலிவா எப்படிக் குடுக்க முடியும்னு கேக்காம, "சூப்பர் டீல்"னு பணத்தைக் கட்டிட்டேன். (விசா வாங்கின கதை தனிப் பதிவு. எங்க குரூப்ல இருந்த சிங்கப்பூர்க்காரங்களுக்கு 2024-லேர்ந்து விசாவே வேணாம். நாங்க ரெண்டு பேர்தான் பேங்க் ஸ்டேட்மென்டும் கையுமா அலைஞ்சோம்.)

இன்னொரு காரணமும் இருந்துச்சு. கிளம்பறதுக்கு நாலு நாள் முன்னாடி நெதர்லாந்துல இருந்து எனக்கு ஒரு மெயில் வந்திருந்துச்சு. பி.எச்.டி. இடம், நாலு வருஷம், சம்பளத்தோட. அம்மா நான் ஊருக்குத் திரும்பி வரப் போறேன்னு நினைச்சு, மாடி ரூமுக்கு வெள்ளையடிச்சு வெச்சுட்டுத்தான் சிங்கப்பூருக்கே வந்திருந்தாங்க. டூர்ல எங்கயாவது நல்ல இடமாப் பாத்து சொல்லிடலாம்னு திட்டம்.

*

மொத்தம் 24 பேர். எங்களைத் தவிர எல்லாரும் சிங்கப்பூர், ஜொகூர் சீனர்கள், முக்கால்வாசி ரிட்டயர் ஆனவங்க. கைடு முப்பது வயசுப் பொண்ணு. ஒரு கம்புல மஞ்சள் வாத்து பொம்மையைக் கட்டித் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி ஓடும். பின்னாடி நாங்க ஓடுவோம். காதுல மாட்டிக்க ஒரு ரிசீவர் குடுத்துச்சு. அதுல பத்து நிமிஷம் சீனத்துல பேசும், அப்புறம் எங்க ரெண்டு பேருக்காக ஒரு நிமிஷம் இங்கிலீஷ். பத்து நிமிஷத்துக்கும் ஒரு நிமிஷத்துக்கும் நடுவுல எவ்ளோ வரலாறு காணாமப் போச்சோ! நல்லவேளையா பஸ்ல எங்களுக்குப் பக்கத்து சீட்டுல சிங்கப்பூர்ல பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன ஒரு அங்கிள். அவர்தான் எங்க மொழிபெயர்ப்புத் துறை. அம்மா அவருக்குத் தக்காளித் தொக்கு குடுத்தாங்க. "வா, லைக் சம்பல் லா"ன்னு பாட்டிலையே காலி பண்ணிட்டார்.

சாப்பாடு பத்தி ஒரு பாரா எழுதியே ஆகணும். நாங்க சைவம், அம்மா முட்டையும் தொட மாட்டாங்க. சுத்தற கண்ணாடி வெச்ச வட்ட மேஜையில பத்துப் பேர். தட்டெல்லாம் ரயில் மாதிரி வந்து வந்து போகும். அதுல எங்க ஸ்டேஷன்ல நிக்கறது முட்டைக்கோஸும், வினிகர் ஊத்தின உருளைக்கிழங்குத் துருவலும்தான். "பொரியல்ல யாராவது புளிப்பு ஊத்துவாங்களா?"ன்னு முதல் நாள் கேட்ட அம்மா, மூணாவது நாள் அதைத்தான் தேடினாங்க. 'வோ ச்சி சூ'ன்னா 'நான் சைவம்'. யாராவது போறதா இருந்தா இதை மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோங்க. அங்க 'லியாங்பி'ன்னு ஒண்ணு கிடைக்கும். அகலமான நூடுல்ஸை ஆறவெச்சு, மிளகாய் எண்ணெய், வினிகர், வெள்ளரிக்கா போட்டுப் பிசைஞ்சு தருவாங்க. சீனாவுல எனக்குப் பிடிச்ச முதல் விஷயம் அதுதான்.

ரெண்டாம் நாள் சுடுமண் வீரர்கள். ஊருக்குக் கிழக்கே லின்தோங். 1974 மார்ச்சுல கிணறு வெட்டின விவசாயிகள் மண்வெட்டியில மாட்டினதுதான் தொடக்கம். 1979-ல மியூசியமா திறந்துட்டாங்க. முதல் குழி மட்டும் 230 மீட்டர் நீளம், 62 மீட்டர் அகலம், மேல ரயில்வே ஸ்டேஷன் மாதிரி கூரை. மூணு குழியும் சேத்து சுமார் 8,000 பேர் இருப்பாங்கன்னு கணக்கு. பெரும்பகுதி இன்னும் மண்ணுக்குள்ளதான். போட்டோவுல பாத்து எல்லாம் முழுசாக் கிடைச்சதுன்னு நினைச்சிருந்தேன். இல்லை. ஒவ்வொரு ஆளும் துண்டு துண்டாக் கிடைச்சு, ஒட்டி நிக்க வெச்சவங்க. குழியோட பின்பக்கத்துல இன்னும் ஒட்டிக்கிட்டு இருக்காங்க. அந்தக் காலத்துல எல்லாத்துக்கும் வண்ணம் பூசியிருந்திருக்கு. தோண்டி எடுத்ததும் காத்து பட்டு, அடியில இருக்கிற அரக்குப் பூச்சு சில நிமிஷத்துல சுருண்டு உரிஞ்சு போயிடுமாம். அதனால அவசரப்பட்டுத் தோண்டறதில்லை.

சக்கரவர்த்தி சின் ஷி ஹுவாங்கோட சமாதியை இன்னும் திறக்கவே இல்லை. அவர் செத்தது கி.மு. 210-ல. நூறு வருஷம் கழிச்சு எழுதின சிமா சியான்ங்கற வரலாற்று ஆசிரியர், உள்ள பாதரசத்துல ஆறும் கடலும் ஓட விட்டிருக்காங்கன்னு எழுதி வெச்சிருக்கார். கதைன்னு எல்லாரும் நினைச்சாங்க. 1980கள்ல அந்த மேட்டு மண்ணைச் சோதிச்சா பாதரசம் நிஜமாவே அதிகம். என் தீசிஸே மண்ணுல கன உலோகம்ங்கறதால எனக்கு இங்க புல்லரிச்சது. அம்மாவுக்குப் புல்லரிச்சது வேற இடத்துல. சில பொம்மைகள் மேல அதைச் செஞ்ச கொத்தனோட பேர் பொறிச்சிருக்கு. கௌரவத்துக்காக இல்லை, பொம்மை சரியில்லைன்னா யாரைப் பிடிச்சுத் தண்டிக்கறதுன்னு தெரியறதுக்காக. அம்மா அதைக் கேட்டுட்டு, "தண்டிக்கறதுக்கு எழுதினதுதான் கடைசில அவன் பேரைக் காப்பாத்தியிருக்கு"ன்னாங்க. டீச்சர் டீச்சர்தான்.

உடனே ஒரு பொம்மைத் தொழிற்சாலை. அங்க முக்கால் மணி நேரம். அதான் முதல் கடை. நான் இன்னும் விழிச்சுக்கலை.

அன்னிக்கு சாயங்காலம் கோட்டை மதில். மிங் காலத்துல, 1370கள்ல கட்டினது. சுத்தளவு 13.7 கிலோமீட்டர், உயரம் 12 மீட்டர், மேல ரெண்டு லாரி எதிரெதிரே போகலாம், அவ்ளோ அகலம். அங்க சைக்கிள் வாடகைக்குக் கிடைக்குது. கைடு எங்களை வேடிக்கை பாக்கச் சொல்லிட்டு டிக்கெட் எண்ணிக்கிட்டு இருந்துச்சு. திரும்பிப் பாத்தா அம்மாவைக் காணோம். சுடிதார், ஸ்வெட்டர், குரங்கு குல்லா சகிதம் அம்மா சைக்கிள்ல போயிக்கிட்டு இருக்காங்க! 28 வருஷமா ஸ்கூலுக்கு சைக்கிள் மிதிச்ச கால். நடந்தா வலிக்குது, மிதிச்சா வலிக்கலையாம். நான் பின்னாடியே துரத்திக்கிட்டுப் போனேன். அன்னிக்கு சொல்லியிருக்கலாம். சந்தோஷமா இருக்காங்களே, ஏன் கெடுக்கணும்னு விட்டுட்டேன்.

*

மூணாம் நாள்தான் அம்மாவோட நாள். நிகழ்ச்சி நிரல்ல "பெரிய காட்டு வாத்து கோபுரம், ஒண்ணரை மணி நேரம்"னு போட்டிருந்துச்சு. தமிழ்ல படிச்சா கொஞ்சம் காமெடியா இருக்கும், ஆனா யுவான் சுவாங் கொண்டுவந்த ஓலைகளையும் சிலைகளையும் பத்திரப்படுத்த 652-ல கட்டின கோபுரம் அதுதான். இப்ப ஏழு அடுக்கு, 64 மீட்டர் உயரம். அம்மா காலையிலேயே பட்டுப்புடவை கட்டிக்கிட்டு அதுக்கு மேல ஸ்வெட்டர் போட்டுக்கிட்டாங்க. காஞ்சிபுரம் பட்டு. "அவர் வந்துட்டுப் போன ஊரோட புடவை, காமிக்க வேண்டாமா?"

அதுக்கு முன்னாடி ஒரு ஜேட் கடை.

உள்ள போனதும் ஒரு ரூம்ல உக்கார வெச்சு கதவைச் சாத்தினாங்க. பச்சைக் கல் உடம்புக்கு நல்லதுன்னு அரை மணி. அப்புறம் 'பீஷியூ'ன்னு ஒரு மிருகம். பணத்தை முழுங்குமாம், ஆனா பின்பக்க வாசலே கிடையாதாம், அதனால வந்த காசு வெளிய போகாதாம். பஸ் அங்கிள் என் காதுல, "தட் ஒன் இஸ் திஸ் ஷாப், லா"ன்னார். அப்புறம் ஒரு டை கட்டின ஆள் வந்து, தானும் தென்கிழக்காசியாக்காரன்தான், உங்களைப் பாத்ததும் சொந்தக்காரங்களைப் பாத்த மாதிரி இருக்குன்னு கண் கலங்கினார். சொந்தக்காரங்களுக்கு ஒரு வளையல் எட்டாயிரம் யுவான். இந்திய ரூபாய்ல கணக்குப் போட்ட அம்மா சட்டுனு கையை மடியில வெச்சுக்கிட்டாங்க.

யாரும் வாங்கலை. வாங்காததால வெளிய விடலை. பூட்டி வைக்கலை, ஆனா பஸ் டிரைவரைக் காணோம், கைடையும் காணோம். ஒண்ணே கால் மணி, ஒண்ணரை, ரெண்டு... ரெண்டு மணி பத்து நிமிஷம். கடைசியில ஒரு ஆன்ட்டி பாவப்பட்டு ஒரு சின்ன டாலர் வாங்கினதும்தான் டிரைவர் தோன்றினார்.

கோபுரத்துக்குப் போய்ச் சேர்ந்தப்போ கைடு மைக்ல சொல்லுச்சு: "ட்ராஃபிக். முப்பத்தஞ்சு நிமிஷம். வெளிய சதுக்கத்துல போட்டோ எடுத்துக்கோங்க. உள்ள போக நேரமில்லை."

தெற்குச் சதுக்கத்துல யுவான் சுவாங்குக்கு வெண்கலச் சிலை இருக்கு. கையில தடி, நடக்கறதுக்குத் தயாரா நிக்கற மாதிரி. அம்மா அவர் முன்னாடி போய் நின்னாங்க. போட்டோ எடுத்தேன். பின்னாடி மதிலுக்கு மேல கோபுரம் தெரியுது. அம்மா எட்டி எட்டிப் பாத்துட்டு, "பரவால்ல, வந்துட்டோம்ல"ன்னாங்க. அந்த 'பரவால்ல' இருக்கே... அது எங்கம்மாவோட ஸ்பெஷல். அப்பாவுக்கு ஆபரேஷன் பலிக்கலைன்னு சொன்னப்போ டாக்டர்கிட்டயும் அதான் சொன்னாங்க.

எனக்கு மண்டைக்குள்ள என்னமோ ஆயிடுச்சு. பஸ்ல ஏறினதும் எழுந்து நின்னு கைடைப் பாத்துக் கத்தினேன். இங்கிலீஷ்ல. நிரல்ல ஒண்ணரை மணின்னு போட்டிருக்கு, கடையில ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சே, 2013 அக்டோபர்லேர்ந்து உங்க நாட்டுச் சுற்றுலாச் சட்டமே கடைக்குக் கட்டாயப்படுத்திக் கூட்டிட்டுப் போகக் கூடாதுங்குது, புகார் குடுப்பேன், அப்படி இப்படின்னு. முந்தின ராத்திரிதான் ஹோட்டல்ல உக்காந்து தேடிப் படிச்சிருந்தேன். படிச்சதெல்லாம் கொட்டிட்டேன். பஸ்ல சத்தமே இல்லை. ரெண்டு மூணு பேர் கைதட்டினாங்க. அந்தப் பொண்ணு வாத்து பொம்மையை மடியில வெச்சுக்கிட்டு ஒண்ணும் பேசாம ஜன்னலைப் பாத்துச்சு.

ஜெயிச்ச மாதிரி உக்காந்தேன். அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. ஹோட்டல் வந்து ரூமுக்குள்ள போனதும்தான் பேசினாங்க.

"கேட்டது தப்பில்லடி. பஸ்ல எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சுக் கேட்டே பாரு, அதான் தப்பு. நான் வேலைக்குச் சேந்த புதுசுல ரிசல்ட் கம்மின்னு ஹெச்.எம். என்னை அப்படி அசெம்பிளில நிக்க வெச்சார். முப்பது வருஷம் ஆச்சு, அவர் சொன்னது ஒண்ணும் ஞாபகமில்ல. நின்னது ஞாபகம் இருக்கு."

"உனக்காகத்தானேம்மா கேட்டேன்!"

"எனக்காகவா? நாலு நாளா மனசுல எதையோ வெச்சுக்கிட்டு உர்ருனு இருக்கே. அதை அந்தப் பொண்ணு மேல இறக்கிட்டே."

நான் வாயை மூடிக்கிட்டேன்.

கீழ லாபில பஸ் அங்கிள் இருந்தார். அவர்கிட்ட பேசினப்போதான் விவரம் தெரிஞ்சது. அந்தப் பொண்ணுக்கு மாசச் சம்பளம்னு பெருசா எதுவும் கிடையாது. இவ்ளோ மலிவான குரூப்பை எடுக்கணும்னா தலைக்கு இவ்ளோன்னு கம்பெனிக்கு அதுதான் முன்பணம் கட்டணும். கடையில குரூப் வாங்கறதுல வர்ற கமிஷன்ல அதைத் திருப்பி எடுக்கணும். வாங்கலைன்னா கைக்காசு போச்சு. அன்னிக்கு வித்தது ஒரே ஒரு டாலர். ஆக, நான் "சூப்பர் டீல்"னு சந்தோஷப்பட்ட விலையில பாதியை ஜேட் வாங்கற யாரோ ஒருத்தர் குடுக்கணும், இல்லைன்னா இந்தப் பொண்ணு குடுக்கணும். கடைக்காரன் ஏமாத்தலைன்னு சொல்ல வரலை. அந்த ஏமாத்துக்குள்ள என் டிக்கெட்டும் இருந்துச்சு, அவ்வளவுதான்.

நானும் அங்கிளும் கைடைத் தேடிப் போனோம். 'துய்புச்சி'ன்னா 'மன்னிச்சுக்கோ'. அதை மட்டும் அங்கிள்கிட்ட கத்துக்கிட்டுச் சொன்னேன். உச்சரிப்பு கேவலமா இருந்திருக்கணும், அந்தப் பொண்ணு சிரிச்சிடுச்சு. அம்மா ஒரு டப்பால எள்ளுருண்டை குடுத்தாங்க. ஒண்ணை எடுத்துக் கடிச்சுப் பாத்துட்டு, எங்க ஊர்லயும் இருக்குன்னு சொன்னதா அங்கிள் மொழிபெயர்த்தார். அப்புறம் அம்மா, அவரை வெச்சே, தான் எதுக்காக வந்தோம்னு சொன்னாங்க. யுவான் சுவாங் எங்க ஊர்ப் பக்கம் வந்தவர், 28 வருஷம் அவரைப் பாடம் நடத்தினேன்னு. கைடு கொஞ்ச நேரம் யோசிச்சுது. பையில இருந்து ஒரு ஃபாரம் எடுத்துச்சு.

மறுநாள் காலையில பட்டு மெத்தைக் கடை. அதுக்கு வராம குரூப்பை விட்டுப் பிரியறதா இருந்தா எழுதிக் குடுக்கணும், பணமும் கட்டணும். "சொந்த விருப்பத்தில் பிரிகிறேன், பாதுகாப்பு என் பொறுப்பு"ன்னு ஃபாரம்ல இருந்துச்சாம். பணம் எவ்ளோன்னு கேட்டேன். தலையை ஆட்டிடுச்சு. வேண்டாமாம். கடைக்கு ரெண்டு தலை குறைஞ்சா அதோட கணக்குல எவ்ளோ குறையும்னு இப்ப எனக்குத் தெரியும். அம்மா ஃபாரம்ல தமிழ்ல கையெழுத்துப் போட்டாங்க. கைடு ஒரு துண்டுச் சீட்டுல சீன எழுத்துல வழி எழுதிக் குடுத்துச்சு: மூணாம் நம்பர் மெட்ரோ, 'தா யன் தா' ஸ்டேஷன். பகல் 12 மணிக்கு மணிக்கூண்டுக் கிட்ட குரூப்போட சேந்துக்கணும்.

*

காலையில நாங்கதான் முதல் கூட்டம். கோயிலுக்கு ஒரு டிக்கெட், கோபுரம் ஏறத் தனி டிக்கெட்.

கோயில் முற்றத்துல அம்மா நிதானமா நடந்தாங்க, எனக்குப் பாடம் எடுத்துக்கிட்டே. சக்கரவர்த்தி அனுமதி குடுக்காததால திருட்டுத்தனமா 629-ல கிளம்பினார் (627னும் சொல்றாங்களாம்). பாலைவனம், மலை எல்லாம் தாண்டி நாளந்தாவுல போய்ப் படிச்சார். 640 வாக்குல காஞ்சிக்கு வந்தார். நரசிம்மவர்ம பல்லவன் காலம். அங்க நூறு மடம், பத்தாயிரம் துறவிகள்னு எழுதி வெச்சிருக்கார். அங்கிருந்து இலங்கைக்குப் போறதாத் திட்டம். ஆனா காஞ்சிக்கு வந்த இலங்கைத் துறவிகள், ராஜா செத்துட்டார், பஞ்சம், கலவரம்னு சொன்னதால திரும்பிட்டார்.

"அப்ப நம்ம ஊர்தான் அவரோட யூ-டர்ன்" என்றேன்.

"ஆமா. 645-ல இங்க திரும்பி வந்தப்போ 657 நூல். இருபது குதிரை மேல ஏத்திக்கிட்டு வந்தாராம்."

போன்ல தேடி, அவர் புத்தகத்துல காஞ்சிபுரத்தை எப்படி எழுதியிருக்கார்னு பாத்தேன். 'ஜியன் ழி பு லோ'. படிச்சுக் காமிச்சேன். அம்மா மெதுவா ரெண்டு தடவை சொல்லிப் பாத்தாங்க. "காஞ்சிபுரம். அவர் காதுல அப்படி விழுந்திருக்கு."

முட்டி வலின்னு நான் சொல்லியும் கேக்காம ஏறினாங்க. மரப் படிக்கட்டு, செங்குத்து. ஒவ்வொரு அடுக்குலயும் நின்னு நின்னு நாலாவது வரைக்கும். அதுக்கு மேல வேண்டாம்னு உக்காந்துட்டாங்க. வளைவு ஜன்னல் வழியா நேரா ஒரு பெரிய தெரு, மரம், அதுக்கப்புறம் கட்டடம் கட்டடமா சியான்.

"எனக்கு ஒண்ணு சொல்லணும்மா" என்றேன்.

"நெதர்லாந்துதானே?"

நான் ஙேன்னு முழிச்சேன்.

"லேப்டாப்பை மூடாம குளிக்கப் போனா தெரியாதா? நீயா சொல்லுவேன்னு பாத்துக்கிட்டு இருந்தேன். மதில் மேல சொல்லுவேன்னு நெனச்சேன்."

கொஞ்ச நேரம் ரெண்டு பேரும் பேசலை. அப்புறம் நான்தான் அசட்டுத்தனமா, "யுவான் சுவாங்கும் மேல் படிப்புக்கு வெளிநாடு போனவர்தானேம்மா, பதினாறு வருஷம்... அவர் திரும்பி வந்தாரே" என்றேன்.

"அவருக்குச் சின்ன வயசிலேயே அப்பா அம்மா போயிட்டாங்கடி. யார்கிட்டயும் சொல்லிட்டுப் போக வேண்டியதில்லை."

இதுக்கு என்ன பதில் சொல்றது? நான் படிக்கட்டையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அம்மாவே தொடர்ந்தாங்க. "எனக்குப் பிடிக்கலை. பிடிக்கலைன்னு சொல்லிடறேன், அப்புறம் மனசுக்குள்ள வெச்சுக்கிட்டு உன்னை வாட்ட மாட்டேன். அதுக்காக நீ போகாம இருக்காதே. நாலு வருஷத்துல கண்டிப்பா வந்துடறேன்னு சத்தியமும் பண்ணாதே. பண்ணிட்டு வரலைன்னா நீயும் கஷ்டப்படுவே, நானும் தேதி பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஞாயித்துக்கிழமை போன் பண்ணு. வீடியோல."

"மாடி ரூம்?"

"வாடகைக்கு விடறேன்."

சிரிக்கறதா அழறதான்னு தெரியலை. அம்மா எழுந்து, "முட்டி பிடிச்சிடுச்சு, கையைக் குடு"ன்னாங்க. இறங்கினோம்.

வெளிய வரும்போது வாசல்கிட்ட இங்கிலீஷ்ல ஒரு பலகை. பலகையைப் பாத்தா அம்மா படிக்காம நகர மாட்டாங்க. இந்தக் கோயிலோட பேர் 'தா த்ஸ என் ஸ'. 648-ல பட்டத்து இளவரசரா இருந்த லி ழி, செத்துப்போன தன் அம்மாவோட நினைவுக்காகக் கட்டினது. பேருக்கே தாயோட கருணைன்னுதான் அர்த்தம். 28 வருஷம் யுவான் சுவாங்கை நடத்தின டீச்சருக்கும் அது தெரிஞ்சிருக்கலை.

"பாரு, கட்டியிருக்கான்"னாங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை.

பன்னெண்டு மணிக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது மணிக்கூண்டுக்கு வந்துட்டோம். தூரத்துல மஞ்சள் வாத்து தெரிஞ்சுது. எங்களைப் பாத்ததும் வாத்து ரெண்டு தடவை மேலயும் கீழயும் ஆடுச்சு.

*

அம்மா ஊருக்குப் போய் ரெண்டு வாரம் ஆச்சு. சிலை முன்னாடி பட்டுப்புடவையும் குரங்கு குல்லாவுமா நிக்கற போட்டோவைப் பெருசா பிரின்ட் போட்டு, பழைய ஸ்கூல்ல இப்ப வரலாறு எடுக்கற டீச்சர்கிட்ட குடுத்துட்டு வந்திருக்காங்க. மாடி ரூமுக்கு இன்னும் ஆள் வரலையாம். "வர்ற ஆளெல்லாம் சரியில்லை"ன்னாங்க. நான் ஒண்ணும் கேட்டுக்கலை.

நெதர்லாந்துக்கு 'சரி'ன்னு பதில் போட்டுட்டேன். செப்டம்பர்ல கிளம்பறேன்.

டிஸ்கி 1: மலிவான குரூப் டூர் போறவங்க, மிச்சக் காசை யார் கட்டறாங்கன்னு ஒரு தடவை கேட்டுட்டுப் போங்க. கொஞ்சம் கூடக் குடுத்தா 'கடை இல்லாத டூர்' கிடைக்குது.

டிஸ்கி 2: திரும்பி வரும்போது 657 நூல் எல்லாம் கொண்டு வர முடியாது. குதிரை இருபது கிடைக்காது, பெட்டிக்கு 23 கிலோதான்.